சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் நடத்தும் சிறு கடைகளுக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ வாங்கித் தருவது இன்று யார்? கூகுள் வரைபடத்தைத் திறந்து, கடைகளுக்கு மக்கள் எழுதும் மதிப்புரைகளையும் கொடுக்கும் நட்சத்திரங்களையும் பாருங்கள். வாரம் தவறாமல் போகிறவர்கள் அல்ல. ஒருமுறை வந்து கோபித்துக்கொண்டு போனவர்களும், வழியில் இறங்கிச் சாப்பிட்ட சுற்றுலாப் பயணிகளும்தான். வருடக்கணக்காக ஒரே கடையில் மசாலாப் பொடி வாங்குகிற நாம் ஒரு வரி எழுதுவதில்லை. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. சிறு கடைகளின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. நம் மௌனத்தால் ஒரு கடைக்கு என்ன ஆகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வந்து இறங்கின. எந்த வீட்டில் நல்ல ஊறுகாய் கிடைக்கும், கல்யாணத்துக்குக் காய்கறி பிரியாணி சமைக்க யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் கோயில் வாசலிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசியே பரவியது. சொல்கிறவர் யார் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். பொறாமையில் சொல்கிறாரா, உண்மையிலேயே சோறு குழைந்துவிட்டதா என்று எடைபோட முடிந்தது. இப்போது சொல்கிறவரின் முகம் தெரியாது. சொன்னதோ வருடக்கணக்கில் அழியாமல் நிற்கிறது.

இதில் அடி விழுவது சிறிய கடைக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைக்குப் பத்தாவது ஆள் ஒரு நட்சத்திரம் கொடுத்தால், சராசரி 5இலிருந்து 4.6க்கு இறங்கிவிடும். 2,000 பேர் மதிப்பிட்டு 4.5 வாங்கிய பெரிய உணவகத்துக்கு அதே ஒரு நட்சத்திரம் கொசுக்கடி கூட இல்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. ஆனால் அது தனிக்கடைகளுக்கு மட்டும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அந்த விளைவு தென்படவில்லை. காரணம் புரிகிறது. கிளைக்கடையில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். சாட்ஸ்வொர்த் மூலையில் இருக்கும் டேக்அவேயைப் பற்றி வெளியூர்க்காரருக்கு இணையத்தை விட்டால் யார் சொல்வார்கள்?

சென்ற ஆண்டு புரட்டாசியில் நடந்தது இது. நான் பார்த்துக்கொடுக்கும் கடை ஒன்றில் அந்த மாதம் முழுக்க இறைச்சி கிடையாது. ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு நிரப்பிய பன்னி சௌ மட்டும்தான். மட்டன் பன்னி தேடித் தொலைவிலிருந்து வந்த ஒருவர், "வீண் அலைச்சல், மட்டன் இல்லை" என்று எழுதி ஒரு நட்சத்திரம் குத்திவிட்டுப் போய்விட்டார். கடைக்கார ஆன்ட்டி கொதித்துப்போனார். "எங்கள் விரதத்தை மதிக்காதவருக்கு இங்கே சாப்பாடு இல்லை. தம்பி, இதை அப்படியே போட்டுவிடு" என்றார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் வந்தவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது; புரட்டாசியில் இறைச்சி இல்லை என்று கடையின் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு நாள் ஆறவிட்டுப் பதில் எழுதினோம்: அலைய வைத்ததற்கு வருந்துகிறோம், இது எங்கள் விரத மாதம், தீபாவளிக்குப் பிறகு வாருங்கள், மட்டன் தயாராக இருக்கும். அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை. போகட்டும். அந்தப் பதில் அவருக்காக மட்டும் எழுதியதல்ல, அடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காகவும்தான். அறிவிப்பையும் அன்றே போட்டுவிட்டோம்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 ஆண்டுகளில் எழுதப்பட்ட மதிப்புரைகளைப் படித்தால் வயிறு எரிகிறது. "கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை", "இருட்டில் உட்கார வைத்தார்கள்", "திறந்திருக்கும் என்று போட்டிருக்கிறது, வந்தால் பூட்டு". ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற முடியாத கடைக்காரர் என்ன செய்வார்? வெளிச்சம் திரும்பியது, நட்சத்திரம் திரும்பவில்லை. பழைய குறைக்கு மேல் புதிய மதிப்புரைகள் வந்து சேர்ந்தால்தான் அது கீழே போகும். அவற்றை எழுத வேண்டியவர்கள் நாம்.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். இத்தனை ரேண்டு கொடுங்கள், நூறு ஐந்து நட்சத்திரம் ஏற்றித் தருகிறோம் என்று கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப் வருகிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வாடிக்கையாளரைப் பொய்த் தகவலால் ஏமாற்றுவதை நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. 2023இல் மட்டும் கூகுள் 17 கோடிக்கும் மேற்பட்ட விதிமீறல் மதிப்புரைகளைத் தடுத்தோ நீக்கியோ இருக்கிறது. நல்லதாக எழுதினால் ஒரு சமோசா இலவசம் என்பதும் கூகுளின் விதிப்படி தவறுதான். போகட்டும், முழு ஐந்து எதற்கு? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஸ்பீகல் ஆய்வு மையம் பார்த்தவரை, மக்கள் பொருளை வாங்க அதிகம் முன்வருவது 4.0க்கும் 4.7க்கும் இடையில்தான். ஐந்தை நெருங்க நெருங்கச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நம்மவர் கடை என்பதற்காகப் பொய்யாகப் புகழச் சொல்லவில்லை. காரம் தூக்கலாக இருந்தால் முதலில் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள். "அருமை" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பயனில்லை. என்ன வாங்கினீர்கள், எந்த நாளில் போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், வண்டி நிறுத்த இடம் உண்டா, சைவச் சமையலுக்குத் தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்களா என்று எழுதுங்கள். வெளியூர்க்காரர் தேடுவது இதைத்தான். இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் சொல்லிவைக்கும்போதே எழுதிவிடுங்கள். புதிதாகக் கடை தேடுகிறவர்கள் அதிகம் வருவது அந்த வாரங்களில்தான்.