சம்மதமின்றி மனநோயாளியைச் சேர்த்தால் மருத்துவருக்குச் சிறையா?

‘புதிய மனநலச் சட்டப்படி, நோயாளி சம்மதிக்காவிட்டால் மருத்துவமனையில் சேர்க்கவே முடியாது, மீறும் மருத்துவர் சிறைக்குச் செல்வார்’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. இதை நம்பி, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதே நம் கவலை.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அதன் 89-ஆம் பிரிவில், தீவிர மனநோயால் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் செயல்பட அவரே நியமித்தவர், அல்லது சட்டப்படி அந்த இடத்தில் இருக்கும் உறவினர் போன்றவர்) விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சையளிக்க இடமளிக்கிறது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருப்பது கட்டாயம். இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் அமைப்பான மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாட்களுக்குள், பெண்கள், சிறார் என்றால் 3 நாட்களுக்குள், தகவல் தர வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல்முறை 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பது உண்மைதான். ஆனால் அது விதிமீறலுக்கான தண்டனை, விதிப்படி சேர்த்ததற்கு அல்ல. எனவே இத்துறைச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் நோயாளியின் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியவை, இரு பரிசோதனைக் குறிப்புகளின் தேதிகளும் வாரியத்துக்கு அனுப்பிய கடிதத்தின் தேதியுமே. அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சையளிக்க 94-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நியமனப் பிரதிநிதி உடனிருந்தால் அவரது ஒப்புதல் தேவை.