ஒரே ஒரு தடத்தை வைத்து விலங்கின் பெயரைச் சொல்ல முடியாது

பனிக்காலம் தொடங்கியதும் டொராண்டோவை ஒட்டிய காடுகளில் நடந்து வரும் நண்பர்கள் பலர், பனியில் பதிந்த ஏதோ ஒரு காலடித்தடத்தைப் படம் பிடித்துப் போட்டு, இது ஓநாயா, மலைச்சிங்கமா என்று கேட்கிறார்கள். அந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒற்றைத் தடத்தின் படத்தை வைத்துக்கொண்டு விடை தேடுவது பயனற்றது என்பதே என் உறுதியான கருத்து.

முதலாவதாக, தடத்தின் அளவை நம்ப முடியாது. நண்பகல் வெயிலில் விளிம்புகள் உருகி, இரவில் மீண்டும் உறைந்தால், சாதாரண நாயின் தடம்கூட இரண்டே நாளில் அச்சமூட்டும் அளவுக்குப் பெருத்துவிடும். விரல்களுக்கு முன்னால் நகக்குறி தெரிந்தால் அது பெரும்பாலும் நாய் இனம். பூனை இனங்கள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அந்தக் குறி பொதுவாக விழாது. உருகிய தடத்திலோ முதலில் அழிவது இந்த நகக்குறிதான்.

எனவே, பாதத்தின் வடிவத்தைவிட நடையின் ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டும். செந்நரி தன் முன்னங்கால் பதிந்த குழியிலேயே பின்னங்காலையும் வைத்து நடப்பதால், அதன் தடங்கள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் செல்கின்றன. பார்ப்பவருக்கு ஏதோ இரண்டு கால் உயிரினம் போனதாகவே தோன்றும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழும். பெரிய தடங்கள் இரண்டும் முன்னால் இருப்பதைக் கண்டு, அது எதிர்த்திசையில் போனதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். எலி தாவிய இடத்தில் நான்கு பாதங்களும் நெருங்கி விழுவதால், சிறிது உருகியபின் அந்தக் குழி ஒரு சின்னக் குளம்பைப் போலவே இருக்கும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1855 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு பெய்த பனிக்குப் பிறகு நடந்தது இதற்கு நல்ல சான்று. மறுநாள் காலை, ஏறத்தாழ 4 அங்குல நீளமுள்ள குளம்பு போன்ற தடங்கள் பல ஊர்களில் ஒற்றை வரிசையாகக் காணப்பட்டன. கூரைகள் மேலும் உயர்ந்த மதில்கள் மேலும்கூட அவை இருந்ததாகச் சொல்லப்பட்டதால், சாத்தான் நடந்து போனான் என்று மக்கள் அஞ்சினார்கள். விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றை, வளை தோண்டி வாழும் சிறு விலங்கான வளைக்கரடியின் (badger) தடங்கள் என்றார். தப்பி ஓடிய கங்காரு என்ற பேச்சும் எழுந்தது. பின்னாளில், தாவிச் சென்ற எலிகளே அவற்றில் ஒரு பகுதிக்குக் காரணமாக இருக்கலாம் என்ற விளக்கமும் வந்தது. அந்த வழி நெடுகிலும் ஒருவரே நடந்து பார்த்ததாகப் பதிவு எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆட்கள் பார்த்த வெவ்வேறு தடங்களை ஒரே விலங்கின் பயணமாகக் கோத்ததில்தான் அந்த மர்மம் இவ்வளவு பெரிதாயிற்று என்று நான் கருதுகிறேன்.

ஆகவே படம் எடுப்பவர்கள் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து ஒன்றும், வரிசை முழுவதும் தெரியும்படி இன்னொன்றும் எடுங்கள். பிறகு சிறிது தூரம் தடத்தோடு நடந்து பாருங்கள்: எச்சம், கடித்த சுள்ளி, மரத்தடியில் முடிந்துபோகும் அணிலின் தாவல் என்று ஏதாவது ஒன்று பெயரைச் சொல்லிவிடும். ஒரே ஒரு வேண்டுகோள்: விலங்கு போன திசையில் போகாமல், அது வந்த திசையில் பின்னோக்கிச் செல்லுங்கள். உணவு அரிதான இம்மாதங்களில் மான் போன்றவை உடலில் சேர்த்த கொழுப்பை நம்பியே உயிர் வாழ்கின்றன. நம் ஆர்வத்துக்காக அவற்றை ஆழ்பனியில் ஓட வைப்பது கொடுமை.