பத்தே நிமிடத்தில் சத்தான சாப்பாடா? யாருக்கு?

தனியாகத் தங்கிப் படிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "சோம்பேறித்தனம்". கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. பகல் முழுக்க வகுப்பு, ராத்திரி அசைன்மென்ட், நடுவில் பலருக்குப் பகுதிநேர வேலை வேறு. இதற்குள் யாரும் சொல்லித் தராத சமையலைத் தானே கற்றுக்கொள்ளப் போராடுகிறவருக்கு இப்படியொரு பட்டமா? முதலில் எங்களுக்குக் கற்றுத் தருகிற லட்சணத்தைப் பாருங்கள்.

"பத்தே நிமிடம்" என்று தொடங்கும் வீடியோக்களில் கேமரா ஓடத் தொடங்கும்போதே காய்கள் கழுவி, தோல் சீவி, பொடியாக நறுக்கி, கிண்ணம் கிண்ணமாக இருக்கும். பயறு ஊறி வெந்தும் இருக்கும். மிச்சம் கிளறி இறக்குகிற வேலைதான். அந்தப் பத்து நிமிடம் அதற்கு மட்டும். கத்தி பிடித்துப் பழகாத கைக்கு கேரட்டும் வெங்காயமும் நறுக்கவே அவ்வளவு நேரம் போய்விடும். பாத்திரம் கழுவுகிற நேரம் எவர் கணக்கிலும் வருவதே இல்லை.

வெங்காயத்தில் சொல்வது பச்சைப் பொய். "ஐந்து நிமிடம் வதக்கினால் பொன்னிறமாகிவிடும்" என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான். உள்ளிருக்கும் தண்ணீர் வற்றி நன்றாகச் சிவந்து இனிக்க, குறைந்த தீயில் அரை மணிக்கு மேல் ஆகும். இது தெரியாத புதியவர், நிறம் வரவில்லையே என்று தீயைக் கூட்டுவார். ஓரம் கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். "எனக்குச் சமையல் வராது" என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடுவார். குறை அவரிடம் இல்லை. நேரத்தை மறைத்து எழுதினவரிடம் இருக்கிறது.

அடுத்தது அளவு. எந்தக் குறிப்பை எடுத்தாலும் நான்கு பேருக்கு. கேட்டால் "நாலால் வகுத்துக்கொள்" என்கிறார்கள். அரிசியை வகுக்கலாம், உப்பை வகுக்கலாம். ஆவியாகிற தண்ணீரை எப்படி வகுப்பது? அதே அகலப் பாத்திரத்தில் கால் பங்கு அரிசியை வைத்தாலும் தண்ணீர் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஆவியாகும். அரிசி வேகும் முன்பே அடிபிடித்துவிடும். பாத்திரமும் சின்னதாக வேண்டும், மூடியும் வேண்டும், தண்ணீரும் கால் பங்கைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். இந்த ஒரு வரியை எழுத ஏன் எவருக்கும் மனம் வரவில்லை?

எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிப்பது "மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்" என்கிற அறிவுரையைக் கேட்கும்போதுதான். எப்படி வைப்பது என்று யார் சொல்கிறார்கள்? அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வெந்தாலும் அவை சாகாது. சோற்றை அப்படியே வெளியில் விட்டால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் மீந்ததை அகலமான தட்டையான டப்பாவில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விட்டுவிட்டுக் காலையில் சூடாக்கிச் சாப்பிடுவது நம்மில் எத்தனை பேருக்குப் பழக்கம்! பள்ளியில் செல்லின் படத்தைப் பாகம் குறிக்கச் சொல்லி வருஷா வருஷம் வரைய வைத்தார்களே, இதைச் சொல்லித் தர ஒரு வகுப்புகூடவா கிடைக்கவில்லை?

ராஜ்மா இன்னும் மோசம். புரதம் நிறைய, விலை குறைவு, மாணவர்களுக்கு ஏற்றது என்று சொல்லிவிட்டு, "ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம்) போட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்ற புரத வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து பயறே கடும் வாந்தியைக் கொண்டுவரலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. ஸ்லோ குக்கரில் நடப்பதுபோல் கொதிநிலைக்குப் போகாத சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அந்த நஞ்சு குறையாமல் கூடவும் செய்யலாம். இது தெரியாமல் அறிவுரை எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

இதெல்லாம் போதாதென்று உறையவைத்த காய்கறி வாங்கினால் ஒரு முகச்சுளிப்பு. அதில் சத்தில்லையாம். பறித்த கொஞ்ச நேரத்தில் உறையவைக்கிற பட்டாணியில், பல நாள் வாடிக்கிடந்த "ஃப்ரெஷ்" பட்டாணியைவிட வைட்டமின் சி கூடுதலாகவே இருக்கலாம். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உள்ளே வைக்கலாம், அழுகாது, நறுக்கவும் வேண்டாம். ஒற்றை ஆளுக்கு இதைவிட வசதி வேறு உண்டா? டப்பாவில் வரும் வெந்த பயறும் அப்படித்தான். தண்ணீரில் அலசினால் உப்பும் குறையும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது ஒரு நாளைக்கு 400 கிராம் காய், பழமும், 5 கிராமுக்குள் உப்பும். அதற்கு வாயில் நுழையாத பெயருள்ள விதையும் பொடியும் எதற்கு?

குறிப்பு எழுதுகிறவர்களே, காய் கழுவத் தொடங்குவதிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவி முடிக்கிறவரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒருவருக்கான அளவை நீங்களே ஒரே அடுப்பில், சின்னப் பாத்திரத்தில் செய்து பார்த்துவிட்டுப் போடுங்கள். மீந்தால் எதில் போட்டு எங்கே வைக்க வேண்டும், எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் அதே குறிப்பிலேயே எழுதுங்கள்.