கோவிந்துவின் பெயரை ஏன் வெட்டினீர்கள்?

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தத் தாவர நாட்காட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். படங்கள் அருமை. ஆனால் ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் ‘ஓவியம்: ராபர்ட் வைட்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் படங்களைத் தாவரவியலாளரான வைட் வரையவில்லை. அவரிடம் பணிபுரிந்த இந்திய ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தார்கள்.

இதைச் சொன்னதும், ‘வெள்ளைக்காரர் செய்த நல்லதை ஒப்புக்கொள்ள மனம் வராதா?’ என்று கேட்கிறார்கள். வைட்டை நான் எங்கே குறைத்தேன்? 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மதராஸுக்கு வந்தவர். கோவையில் அமெரிக்கப் பருத்திச் சோதனைகளைக் கவனித்தபடியே, 2,101 படங்கள் கொண்ட ‘ஐகோனஸ்’ என்ற இந்தியத் தாவரப் பட நூலின் தொகுதிகளை 1853-இல் முடித்தார். அது அசுர உழைப்பு. அதே வைட்தான் பல படங்களின் அடியில் ரங்கையா, கோவிந்து பெயர்களை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் நினைவாகக் ‘கோவிந்தூயியா’ என்றே பெயர் வைத்தார். கம்பெனி ஆட்சிக் காலத்தில் அச்சேறிய பெயரை இன்று நாம் வெட்டி எறிகிறோம்!

‘கூலிக்கு வரைந்தவர்கள்தானே?’ என்கிறார் ஒருவர். வைட்டும் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்தான். காய்ந்த செடியில் பூவின் வடிவம் சிதைந்துபோகும். அதை உயிரோடு பார்த்து, சூலகத்தைப் பிளந்து, மகரந்தத் தாள்களைத் தனித்தனியே வரைந்து காட்டுவது வெறும் கைவேலையா? பார்க்கத் தெரியாதவரால் அப்படி வரைய முடியாது. இடமில்லை என்பதும் பொய். அச்சகத்தின் பெயருக்கு இடம் இருந்ததே.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் சித்தி ஓர் ஆய்வேட்டுக்காக இரவெல்லாம் விழித்துச் செடிகளை இந்திய மையில் வரைந்து கொடுத்தவர். நன்றியுரையில் தட்டச்சு செய்தவரின் பெயர்கூட இருந்தது. சித்தியின் பெயர் இல்லை. ‘போகட்டும்’ என்றார். அதன் பிறகு அவர் தூரிகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

வரைந்தவர்களுக்காவது படத்தின் அடியில் பெயர் மிஞ்சியது. மலையேறிச் செடி பறித்து வந்தவர்கள், அது எந்த ஓடைக்கரையில் பூக்கும் என்று வழிகாட்டியவர்கள், காகிதத்தில் வைத்து அழுத்திக் காயவைத்தவர்கள், இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? தெரிந்த இரண்டு பெயர்களையும் தொலைத்துவிட்டுப் பாரம்பரியம் என்று பேசுகிறோம்.

நாட்காட்டி வெளியிட்டவர்களே, மறுபதிப்பு வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு படத்தையும் மூல நூலோடு ஒப்பிட்டு, வரைந்தவர் பெயரைப் போடுங்கள். என் பின்னூட்டத்தை நீக்கியதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.