ஜிஎஸ்எம் மட்டும் பார்த்து நோட்டு வாங்காதீர்கள்

"80 ஜிஎஸ்எம் என்றால் மை ஊறவே ஊறாது, பள்ளிக்கும் ஆபீஸுக்கும் அதையே வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அவ்வளவுதான். மை பரவுவதைத் தடுப்பது சைஸிங்: தாள் தயாரிக்கும்போது ஸ்டார்ச் போன்றவற்றைச் சேர்த்து, அது ஈரத்தை உறிஞ்சாமல் செய்வது. பிளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்) கனமானதுதான், ஆனாலும் மையைக் குடித்துவிடும். அதில் சைஸிங் இல்லை. தாள் கனமானால் எழுத்து பின்பக்கம் தெரிவது குறையும், உண்மை. ஆனால் சைஸிங் சரியில்லாத 80-ஐவிட நன்றாகச் செய்த 60 மேல்.

பிள்ளைகளின் முதுகையும் நினையுங்கள். ஏ4 அளவில் 100 தாள், 80 ஜிஎஸ்எம்மில் சுமார் 500 கிராம், 60-இல் 375. ஐந்தாறு நோட்டு தூக்கும் குழந்தைக்கு இது பெரிய வித்தியாசம். பால்பாயிண்ட் பேனாவுக்கு 60 தாராளம்.

மொத்தமாக வாங்குவோர் கடையில் ஒரு தாள் கேட்டு, நீங்கள் பயன்படுத்தும் அதே மை பேனாவால் எழுதிப் பாருங்கள். கோட்டின் ஓரம் பிசிறடித்தால் அட்டையில் எந்த எண் இருந்தாலும் வேண்டாம்.