இசிஜி நார்மல் என்றதும் விட்டுவிடாதீர்கள்

நெஞ்சுப் படபடப்பு இருந்தால் இசிஜி (இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்துப் பாருங்கள் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் இசிஜியில் பதிவாவது சில விநாடிகள்தான். துடிப்பு தாறுமாறாக ஓடும் அந்த நேரத்தில் எடுத்தால்தான் தெரியும். என் அம்மாவுக்கு இரண்டு முறையும் நார்மல் என்றே வந்தது. 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியை வைத்த பிறகுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு என்று பிடிபட்டது.

இதில் படபடப்பைவிட அஞ்ச வேண்டியது பக்கவாதம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவது இதற்காகத்தான். படபடப்புதான் நின்றுவிட்டதே என்று அம்மா நடுவில் நிறுத்தப் பார்த்தார். நல்லவேளை, டாக்டர் தடுத்துவிட்டார். தயவுசெய்து யாரும் தாங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் நாடி பார்க்கும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி மாறுகிறதா என்றும் கவனியுங்கள். தைராய்டு, உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மது எல்லாமே இந்தக் கோளாறைத் தூண்டக்கூடியவை.

அப்புறம், எப்போதாவது ஒரு துடிப்பு தப்புவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.