57,000 தேங்காய்

"மிதிவெடி எடுக்கவா இவ்வளவு காசு?" என்று போன கிழமை கலியாண வீட்டுப் பந்தியில் ஒருத்தர் கேட்டார். இலையில் சோறு கிடந்ததால் நான் வாய் திறக்கவில்லை. இப்ப எழுதுகிறேன்.

இலங்கையின் வடக்கில், முகமாலையில் எங்கள் மாமாவுக்கு ஒரு ஏக்கர் தென்னங்காணி. 2000இல் சண்டை வர விட்டிட்டு எழும்பினவர். பிறகு 2009 தொடக்கம் வரை ஆமிக்கும் புலிகளுக்கும் இடையிலான முன்னரங்கு அந்தப் பக்கத்தால்தான் ஓடியது. சண்டை முடிந்தும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை வேலியில் நின்றது. காணி கைக்கு வந்தது 2019இல்.

ஒரு மிதிவெடி செய்ய 3 டொலர், எடுக்க 300 முதல் 1000 டொலர் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் காசை விழுங்குவது வெடி இல்லாத மண். எங்கே புதைத்தது என்று தெரியாததால் ஏக்கர் முழுக்கத் தேடவேணும். மிதிவெடியில் உலோகம் கொஞ்சம்தான். அந்த மண்ணில் சன்னமும் செல் துண்டும் அள்ளக்கூடிய அளவு. டிடெக்டர் எல்லாவற்றுக்கும் கத்தும். அதனால் பல இடங்களில் முழங்காலில் இருந்து, இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் பார்க்கிறார்கள். கொதிக்கிற வெயிலில், முகக்கவசத்தோடு. அதில் நிறையப் பேர் தனியாளாகக் குடும்பம் பார்க்கிற பெண்கள். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்குது. இதையும் "செலவு" என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எழுதாத செலவு வேறு. ஏக்கருக்கு 60 மரம், மரத்துக்கு வருசம் 50 காய் என்று குறைச்சே பிடியுங்கோ. 19 வருசத்துக்கு 57,000 தேங்காய். மரங்களும் செல்லில் தலை போய் மொட்டையாக நின்றன. தறித்துப்போட்டுப் புதுக்கன்று வைத்தால் காய்க்க இன்னும் ஐந்தாறு வருசம். இதை எந்த அறிக்கையில் யார் எழுதினது?

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லாம் எடுத்து முடிக்கவேணும். காசு வெளியில் இருந்து வருவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தினபோது அதன் காசில் உலகம் முழுக்க நடந்த மிதிவெடி வேலைக்கும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. வாரி பிடித்த கைக்கு 2028க்குப் பிறகு என்ன வேலை என்று இப்பவே கேட்கவேணும். ஒருத்தரும் கேட்கிறதாகத் தெரியவில்லை.

மாமாவின் கன்றுகள் இப்ப காய்க்குது. தேங்காய் 200 ரூபாய்க்குப் போன நேரம் அவர் முகத்தைப் பார்க்கவேணும்! ஆனால் கிணற்றுக்குப் பின்பக்க மூலையில் விழுகிற காய் அங்கேயே கிடந்து முளைக்கும். துப்புரவாக எடுத்தாச்சு என்ற கடிதம் காணி உறுதியோடு ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் அந்த மூலைக்குப் போகமாட்டார்.